நடுவர் பலகையில் காலை வெயில்

"இரண்டு பேரை மட்டும் விலக்கு என்றால் எப்படி அக்கா? ஏழு பேரை விலக்க வேண்டும்!"

எழினி ஓலையை ஆட்டினாள். வடிவாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். எழினிக்கு வாதம் செய்யக் கற்றுக்கொடுத்தவள் அவள். வயதில் நான்கே ஆண்டு மூத்தவள்.

மன்றத்து வாசலோரம் மதகுக்காரி செல்லாயி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஏரி மதகைத் திறந்துவிட்டு, விளைந்த வயலை மூழ்கடித்தாள் என்று வழக்கு. உறுதியானால் ஊரைவிட்டே போக வேண்டும். அவளுக்காகப் பேச எழினியைத் தவிர நாதியில்லை.

அந்த ஊரில் தீர்ப்புச் சொல்வது ஊர்க்காரர்கள்தான். ஒன்பது பேர் பலகையில் வந்து உட்காருவார்கள். இரு தரப்பும் இரண்டிரண்டு பேரை விலக்கலாம். காரணம் சொல்ல வேண்டாம். மிஞ்சிய ஐவர் நடுவர். விலக்கும் முன் அந்த ஒன்பது பேரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. முகத்தைப் பார்த்தே முடிவு செய்வது வழக்கம்.

அதில்தான் எழினி கில்லாடி. இரண்டு வருஷம், முந்நூறு முகங்கள். எந்தப் புருவம் எந்தத் தீர்ப்பில் போய் முடிந்தது என்று எழுதி வைத்திருந்தாள்.

"படி, கேட்போம்."

"ஏழு பேரும் புருவத்தை நெரிக்கிறார்கள். கண்ணை இடுக்குகிறார்கள். செல்லாயி பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறார்கள். வெறுப்பு அக்கா, அப்பட்டமான வெறுப்பு! கடைசி ஓரத்து இரண்டு பேர் முகத்தில்தான் சாந்தம்."

"ஒன்பது பேரும் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார்கள். நீ போய்ப் பலகையில் உட்கார்."

"நானா? எதற்கு?"

"உட்காரேன்டி."

உட்கார்ந்தாள். வடிவாம்பாள் எதிரே நின்று அவளிடமிருந்து ஓலையை வாங்கிப் பிரித்தாள்.

"புருவம் நெரிந்திருக்கிறது. கண் இடுங்கியிருக்கிறது. செல்லாயி பக்கம் திரும்பவில்லை. இவளை விலக்கு."

"அக்கா, வெயில்! வாசல் வழியாக நேரே கண்ணில் அடிக்கிறது!"

"ஓலையில் அப்படி ஒன்றும் காணோமே."



எழினி மெல்ல நகர்ந்து கடைசி ஓரத்துக்குப் போனாள். அங்கே தூணின் நிழல். கண் தானாக விரிந்தது.

ஒன்பது பேரும் திரும்பி வந்தார்கள்.

"யாரை விலக்குகிறாய்?" என்றார் மன்றத் தலைவர்.

"முதலில் அந்த வாசல் தட்டியை இறக்கச் சொல்லுங்கள் ஐயா."

தட்டி இறங்கியது. ஏழு முகங்களும் இளகின.

எழினி வடிவாம்பாளிடமிருந்து ஓலையை வாங்கிச் சுருட்டி இடுப்பில் செருகினாள். "இனி நான் கேள்வி கேட்கப் போகிறேன்."

எதிர்த்தரப்புக் காங்கேயன் துள்ளி எழுந்தான். "நடுவரைக் கேள்வி கேட்பதா? இந்த ஊரில் அப்படி வழக்கமே கிடையாது!"

"கேட்கக் கூடாது என்று சொன்னது யார்? ஆளைக் காட்டுங்கள், உட்கார்ந்துவிடுகிறேன்."

காங்கேயன் சுற்றுமுற்றும் பார்த்தான். தலைவர் தாடியைத் தடவினார். "சரி, கேள்."

அவள் நேரே கடைசி ஓரத்துச் சாந்த முகத்தார் இருவரில் ஒருவரிடம் போனாள். "ஐயா, மதகைத் திறந்தது செல்லாயிதானா?"

"பின்னே? அதை வேற உட்கார்ந்து விசாரிக்கணுமா, தாயி!" அவர் கனிவாகச் சிரித்தார்.

"இவரை விலக்குகிறேன்."

செல்லாயி அன்றைக்கு முதன்முறையாகத் தலையைத் தூக்கினாள்.

காங்கேயன் வடிவாம்பாளிடம் சீறினான். "இதெல்லாம் நீ சொல்லிக்கொடுத்த பாடமா?"

"இல்லை. இது அவளுடையது."

மன்றத்தில் இப்போது பொட்டு வெயில் கிடையாது. வடிவாம்பாளின் கண்கள் மட்டும் சிரிப்பில் இடுங்கியிருந்தன.