துண்டுக்கு வெளியே போன விலை

“இந்தப் பக்கத்தைச் செய்தவன் எவனோ, அவன் என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டான். என் மாடு என்ன விலைக்குப் போனது என்று ஊருக்கெல்லாம் தமுக்கடித்துவிட்டான். மிச்சமிருக்கிற மாட்டுக்கு அதற்கு மேல் நூறு ரூபாய்கூட ஏற மாட்டேன் என்கிறான் வருகிறவனெல்லாம்.”

மாட்டுத் தரகர் குழந்தைவேலு நடத்தும் இணையப் பக்கத்துக்குப் புதன்கிழமை காலை வந்து விழுந்த கருத்து இது. கீழே பெயர் இல்லை.

குழந்தைவேலுவுக்கு ரத்தம் உச்சிக்கு ஏறியது. செருப்பை மாட்டியதும் தெரியாது, வண்டியை எடுத்ததும் தெரியாது. நேராகத் துணிக்கடை மாடியில் ரெஜினா டீச்சர் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கும் அறைக்குப் போய் நின்றார்.

டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. குழந்தைவேலுவுக்கு ஐம்பத்து நாலு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பள்ளிக்கூடம் கொடுக்காததையெல்லாம் சந்தைதான் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. ஆனாலும் இந்த அறையில் அவர் மாணவர். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது. எட்டே மாதத்தில் தன் கையால் ஒரு பக்கத்தைச் செய்து முடித்தவருக்கு வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

அந்தப் பக்கத்தில் அவர் தானாகக் கண்டுபிடித்த சங்கதிகள் ஏராளம். மாட்டுப் படத்தை எடுத்தபடியே ஏற்றினால் கிராமத்து போனில் சுற்றிக்கொண்டே நிற்கும். சுருக்கி ஏற்றினால் ஒரு கோடு சிக்னலிலும் பளிச்சென்று வரும். வெளிர் எழுத்து வெயிலில் செத்துப்போகும், கறுப்பு நிற்கும். பெயர் கேட்டால் எவனும் கருத்து எழுத மாட்டான், கேட்காமல் விட்டால் கொட்டுவான். எது பெரிதாக இருக்கிறதோ கண் அங்கேதான் போகும்.

இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பில் அவருக்குத் தனிப் பெருமை. அதனால்தான் தன் கையால் முடித்துக் கொடுத்த ஒவ்வொரு மாட்டின் படத்துக்கு மேலும் ‘விற்றது’ என்று போட்டு, போன விலையைச் சிவப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். விலை போட்ட பிறகு பக்கத்தைப் பார்க்க வருகிறவர்கள் எண்ணிக்கை மூன்று மடங்கானது. டீக்கடையில் போனை நீட்டி நீட்டிக் காட்டினார்.

இப்போது அதே போனை டீச்சர் முன்னால் நீட்டினார். எட்டு மாத உழைப்பை ஒருத்தன் முகம் காட்டாமல் மிதித்துவிட்டுப் போகிறான் என்றார். இது எதிர்த் தரகன் எவனோ ஆள் வைத்து எழுதியது என்றார். எந்த போனிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்துத் தரச் சொன்னார்.

டீச்சர் இரண்டு தடவை படித்தாள்.

“கண்டுபிடிக்க முடியாதுங்கண்ணா. பேரு வேண்டாம், நம்பரு வேண்டாம்னு கருத்துப் பெட்டியை வெச்சது நீங்கதான்.”

“அப்ப இதுக்கு என்னதானுங் வழி? சும்மா வாங்கிக் கட்டிக்கறதா?”

டீச்சர் போனைத் திருப்பிக் கொடுத்தாள். தன் ஸ்கூட்டரை விற்கப் போவதாகச் சொன்னாள். சந்தையில் மாட்டுக்குப் பேசுகிற மாதிரியே பேசி முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

கோபத்தில் இருந்தாலும் விலை பேசக் கூப்பிட்டால் குழந்தைவேலுவால் சும்மா இருக்க முடியாது. தோளில் கிடந்த துண்டை உருவினார். இருவர் கையும் துண்டுக்குள்ளே இருக்க வேண்டும், வாய் பேசக் கூடாது, விரல்தான் பேசும் என்றார். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை, மடக்கினால் எத்தனை, உள்ளங்கையில் கீறினால் என்ன என்று ஐந்து நிமிடம் பாடம் எடுத்தார். டீச்சருக்கே டீச்சர் ஆன பெருமையில் பாதிக் கோபம் இறங்கிவிட்டது.

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். தையல் கடை தனலட்சுமியும், விடுப்பு போட்டுவிட்டு வகுப்புக்கு வரும் ஒரு தபால்காரரும். இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்கள்.

“ஸ்கூட்டருக்குப் பல்லுப் புடிச்சுப் பாக்கலீங்களா?” என்றாள் தனலட்சுமி.

அவர் சிரிக்கவில்லை. தொழில் நடக்கும்போது அவர் சிரிப்பதில்லை.

அவரே வாங்குகிறவர் ஆனார். துண்டுக்குள் விரல்கள் ஏறின, இறங்கின. டீச்சர் முதலில் நாலு விரலில் நின்றாள். அவர் தலையை ஆட்டினார். மூன்றுக்கு வந்தாள். அவர் கையை உருவிக்கொண்டு போகிற மாதிரி பாவனை காட்டினார். கடைசியில் அவள் இரண்டு விரலைக் கொடுத்து, ஒன்றைப் பாதி மடக்கினாள்.

அந்த நேரத்தில் மறு கையால் துண்டைச் சரக்கென்று இழுத்துவிட்டாள்.

மடங்கிய விரலோடு அவள் கை வெளியே நின்றது. குழந்தைவேலு யோசிக்கக்கூட இல்லை. தன் இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் கையைப் பொத்தினார்.

“கூறு இருக்குதுங்களா டீச்சர் உங்களுக்கு? நீங்க எவ்வளவுக்கு எறங்குனீங்கன்னு இவங்க பாத்துட்டா, நாளைக்கு எவன் உங்களுக்கு மேல கேப்பான்? முப்பது வருசமா நான் கை போட்ட ஒரு வெலையும் துண்டை விட்டு வெளிய போனதில்லீங். பெத்த புள்ளைகிட்டக்கூடச் சொன்னதில்லை.”

தபால்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தனலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டீச்சர் கையை மெல்ல உருவி, மேசையில் இருந்த கம்ப்யூட்டரை அவர் பக்கமாகத் திருப்பினாள். அவருடைய இணையப் பக்கம்தான் திறந்திருந்தது. வரிசையாக மாடுகள். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் சிவப்பில் விலை.

குழந்தைவேலு பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். யாரும் சொல்லவில்லை. முதல் விலையை அழித்தார். அடுத்ததை அழித்தார். ஒரே தட்டில் எல்லாவற்றையும் அழிக்கிற வழி அவருக்குத் தெரியும்; அதையும் அவர்தான் கண்டுபிடித்திருந்தார். ஆனால் ஒவ்வொன்றாகத்தான் அழித்தார். மாடு கன்று ஈன்ற நாலாம் நாளே விற்றவர், மருத்துவமனைக்குப் போகிற அவசரத்தில் விற்றவர், பாதி விலைக்கு விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவர். எல்லா முகமும் அவருக்குத் தெரியும். மொத்தம் நாற்பத்தொரு விலை இருந்தது.

முடித்துவிட்டு நிமிர்ந்தார். குரல் சந்தைக் குரலாக இல்லை.

“அழிச்சுப் போட்டேனுங் டீச்சர். ஆனா பாத்தவன் பாத்தானுங்களே. நாளைக்கு வியாழக்கிழமை, சந்தை. மிச்சமிருக்கற மாட்டை ஓட்டிட்டு வந்து அந்த ஆளு நிப்பாரு. பக்கத்துல நின்னு, துண்டைப் போட்டு, நியாயமான வெலைய நான் வாங்கிக் குடுத்துருவனுங். தரகுகூட வேண்டாம். எழுதுனது யாருன்னு தெரிஞ்சாத்தானுங்களே போய் நிக்க முடியும்?”

“நாப்பத்தோரு பேர்ல ஒருத்தருங்கண்ணா,” என்றாள் டீச்சர். “யாருன்னு தெரியலைன்னா நாப்பத்தோரு பேருக்கும் போய் நில்லுங்க. சரி பண்ணிட்டு வாங்க, அடுத்த பாடம் அப்புறம்.”