அடித்தவளுக்கு ஒரு செம்பு தண்ணீர்

"நான் அடி வாங்கத்தான் வந்தேன் அக்கா. என்னைத் தினமும் அடிக்கச் சொன்னா எப்படி?"

கேட்டவள் செங்கமலம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு சத்தியாகிரக முகாமுக்கு வந்தவள். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

கோயிலைச் சுற்றிய தெருவில் அவள் சாதிக்காரர்கள் கால் வைக்கக் கூடாது. தெருமுனையில் மூங்கில் தடுப்பு. தடுப்புக்குப் போலீஸ் காவல். தினமும் காலையில் முகாமிலிருந்து சிலர் அங்கே போய் நிற்பார்கள். அடி விழும். திருப்பிக் கை ஓங்கக் கூடாது, ஓடவும் கூடாது.

அதற்கான பயிற்சி முகாம் முற்றத்தில் நடக்கும். ஒருத்தி போலீஸ். மற்றவர்கள் தொண்டர்கள்.

போலீஸ் வேஷம் எப்போதும் செங்கமலத்துக்குத்தான்.

"உனக்குத்தான் கோபம் நல்லா வருது" என்றாள் தையலக்கா.

முகாமை நடத்துபவள் அவள்தான். செங்கமலத்தைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். முன்பல் ஒன்று அந்தத் தடுப்பருகே போயிருந்தது.

"அடி வாங்க எனக்குத் தைரியம் இல்லைங்கிறீங்களா?"

"அது நிறையவே இருக்கு."

"அப்ப எது இல்லை?"

"போய்க் கம்பை எடு. நேரமாச்சு."

முகாமில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும் அடி வாங்கியவள் அடித்தவளுக்கு ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பாள். செங்கமலத்துக்கு அதைப் பார்த்தாலே எரியும்.

"அடிச்சவளுக்கு உபசாரமா? இப்படிப் பணிஞ்சு பணிஞ்சுதானே நம்மைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினாங்க?"

"நல்ல கேள்வி" என்றாள் தையலக்கா.

கம்பைச் செங்கமலத்தின் கையில் கொடுத்தாள்.

அன்று தொண்டராக எதிரே நின்றவள் பேச்சி.

"போடி அங்கிட்டு! யார் தெருன்னு நினைச்சே?" போலீஸாகக் கத்தினாள் செங்கமலம்.

பேச்சி நகரவில்லை.

தோளில் ஓர் அடி. இன்னொன்று. பேச்சி கண்ணை மூடவில்லை; முறைக்கவும் இல்லை. காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் செங்கமலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

செங்கமலம் மறுபடி ஓங்கினாள். வசவு வரவில்லை. தோள்பட்டை கடுத்தது. தொண்டை காய்ந்திருந்தது. அடிக்கவும் முடியவில்லை, எல்லோரும் பார்க்கக் கையை இறக்கவும் முடியவில்லை.

பேச்சி செம்பை நீட்டினாள். தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

"குடி புள்ளே. அந்தக் கை எவ்வளவு நேரம் மேலேயே நிக்கும்?"

ஒரு கையால் வாங்க முடியாது. கம்பு கீழே விழுந்தது.

செங்கமலம் மடமடவென்று குடித்தாள். "நல்லா இருப்படி" என்றாள். அதற்குமேல் பேச வரவில்லை. அவளுக்குப் பேச வராமல் போனது முகாமில் அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு நீ போ" என்றாள் தையலக்கா.

மறுநாள் தடுப்பருகே செங்கமலம் நின்றாள். மூங்கிலுக்கு அந்தப்பக்கம் தெருக்காரர்கள் கூடிநின்று வேடிக்கை பார்த்தார்கள். போலீஸ்காரர் வாய் ஓயாமல் வைதார். முதல் அடி தோளில் இறங்கியது. அவள் நகரவில்லை; அவரையே பார்த்தாள். இரண்டாவது அடிக்கு ஓங்கினார்.

வசவு நின்றது. தடி மேலேயே நின்றது.

ஓங்கிய கை சிக்கிக்கொள்ளும் அந்த இடம் செங்கமலத்துக்குத் தெரியும்.

காலடியில் நிறைத்து வைத்திருந்த செம்பை எடுத்து நீட்டினாள்.

"தொண்டை காஞ்சிருக்கும் அண்ணே. குடிங்க."

"ஏய்யா, யார் கொடுக்கிற தண்ணின்னு தெரியுதா?" மூங்கிலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் போலீஸ்காரரை அதட்டியது.

செம்பு தளும்பிக்கொண்டிருந்தது.

தடி தரையில் விழுந்தது.