முப்பது நாள் விடுப்பை விற்ற துபாஷி

மாணிக்கத்தீவு ராஜா சிங்கமுகனுக்கு எட்டு தேசத்தோடு பேச்சுவார்த்தை. தெரிந்ததோ ஒரே பாஷை. அதனால் கடல் தாண்டி வந்த பூவராகன் அங்கே துபாஷி. யார் என்ன பேசினாலும் ராஜாவுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வான். அயல்நாட்டான் ஆகையால் கையில் ஒரு வேலை ஓலை. 'மொழிபெயர்க்கலாம். வேறு தொழில் செய்தால் அடுத்த கப்பலில் ஊருக்கு' என்று அதில் முத்திரை குத்தியிருக்கும்.

வருஷத்துக்கு முப்பது நாள் விடுப்பு. கப்பலில் ஊருக்குப் போகப் பதினைந்து நாள், திரும்பப் பதினைந்து நாள். மனைவிக்குக் கப்பலிலிருந்தே கையாட்டிவிட்டு வர வேண்டியதுதான். பூவராகன் போகவே இல்லை.

அந்த வருஷம் புயலில் வீட்டுக் கூரை பறந்துபோனதாகக் கடிதம் வந்தது. பூவராகன் கஜானா அதிகாரி திம்மராசுவிடம் ஓடினான்.

"ஐயா, எடுக்காத விடுப்பை அரண்மனையே விலைக்கு வாங்கிக்கொள்ளுமாமே?"

"தாராளமாக!" திம்மராசுவின் வாயில் தேன் ஒழுகியது. "'மகாராஜாவுக்கு விற்றேன்' என்று ஓலையில் எழுதிக் கையெழுத்துப் போடும்."

போட்டான். கிடைத்ததைக் கூரைக்கு அனுப்பினான்.

மறுநாள் சபையில் திம்மராசு அதே ஓலையைத் தூக்கிக் காட்டினார்.

"மகாராஜா! துபாஷி வியாபாரம் செய்கிறான்! கப்பலேற்றுங்கள். அந்த வேலைக்கு என் மைத்துனன் தயார்."

மைத்துனனுக்கு எட்டு பாஷையிலும் 'ஆமாம்' என்ற ஒரு சொல்தான் தெரியும்.



"விற்றாயா?" என்று பூவராகனைக் கேட்டார் ராஜா.

"விற்றேன், மகாராஜா. ஆனால் வியாபாரம் இன்னும் முடியவில்லை. வாங்கியவர் தாங்கள். சரக்கைத் தாங்கள் இன்னும் பெற்றுக்கொள்ளவே இல்லையே!"

"விடுப்பை எப்படியப்பா பெற்றுக்கொள்வது?"

"கிரீடத்தைக் கழற்ற வேண்டும். முப்பது நாள், யார் எதைக் கேட்டாலும் 'விடுப்பில் இருக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்."

ராஜா யோசித்தார். பட்டம் கட்டி இருபத்திரண்டு வருஷம். ஒரு நாள்கூட ஓய்வில்லை. மெல்லக் கிரீடத்தைக் கழற்றினார். தலையைப் பரபரவென்று சொறிந்தார். ஆஹா, என்ன சுகம்!

"மகாராஜா, தீர்ப்பு?" என்று பதறினார் திம்மராசு.

"விடுப்பில் இருக்கிறேன்."

"துபாஷியை என்ன செய்வது?"

"அவன் என்னோடு வருகிறான். சரக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? சபையை நீரும் மைத்துனனும் கவனித்துக்கொள்ளுங்கள்."

முப்பது நாளும் ராஜா கடற்கரையில் நண்டு பிடித்தார். ஒரு நண்டு அவர் கட்டைவிரலைப் பிடித்தது. அதற்கும் சிரித்தார்.

திரும்பி வந்தபோது திம்மராசு பாதியாக இளைத்திருந்தார். தூதர்கள் கேட்டதற்கெல்லாம் மைத்துனன் 'ஆமாம்' சொல்லி, அரண்மனை யானைகளில் நான்கு கைமாறிவிட்டிருந்தன.

"மகாராஜா, அந்த வழக்கு..." என்று இழுத்தார் திம்மராசு.

"தள்ளுபடி! மைத்துனனை அனுப்பி யானைகளைக் கேட்டு வாங்கி வரச் சொல்லும். துபாஷியின் வேலை ஓலையில் 'விடுப்பும் விற்கலாம்' என்று சேர்த்து எழுதும்."

பிறகு ராஜா பூவராகன் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டார்:

"அடுத்த வருஷத்து விடுப்பு இப்போதே கிடைக்குமா?"