பேனாக் கட்டையில் நடு இடம்

ஒரு ஊரில் ஒரு பெட்டி இருந்தது. ராஜா இருந்த ஊர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்; இது பெட்டி இருந்த ஊர்.

நாகர்கோவிலில், எஸ்தர் நவமணி வீட்டுக் கார் ஷெட்டில் அந்தப் பெட்டி இருந்தது. ஷெட்டில் கார் கிடையாது. எஸ்தர் வாரநாட்களில் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். சனி, ஞாயிறுகளில் மரப்பேனா கடைபவர். தச்சுப் பட்டறைகளில் கழித்துப்போட்ட துண்டுகளை வாங்கிவந்து பெட்டியில் போட்டுவைப்பார். சனிக்கிழமை மதியம் அதிலிருந்து சில துண்டுகளை எடுத்து, பட்டைகளாக அறுத்து, பசை தடவி ஒரே கட்டையாக ஒட்டுவார். பசை காய்ந்ததும் அந்தக் கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிப் பேனாவாகக் கடைவார்.

மிச்சத் துண்டுகளுக்கு வேறு கதி. எஸ்தரின் கணவர் ஜெபசிங்குக்கு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு விறகடுப்பில், மண்சட்டியில் கொதிக்க வேண்டும். கேஸ் அடுப்பில் வைத்த குழம்பை அவர் கஷாயம் என்று சொல்வார். சனிக்கிழமை சாயங்காலம் ஷெட் வாசலில் வந்து நிற்பார்.

"எஸ்தரு, பெட்டிய எடுக்கட்டா?"

"எனக்கு உள்ளத எடுத்துட்டேன். மிச்சத்தக் கொண்டு போங்க."

ஆகவே பெட்டிக்குள் இருந்தவர்களுக்கு இரண்டே எதிர்காலம்: பேனா, இல்லாவிட்டால் குழம்பு. மற்ற இடங்களில் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை.

ஒரு சனிக்கிழமை எஸ்தரின் கை பெட்டிக்குள் நுழைந்து நான்கு துண்டுகளை வெளியே எடுத்தது.

முதலாவது ஈட்டி மரம். ஒரு பழைய கட்டில் காலின் அடித்துண்டு. அந்தக் கட்டிலில் யார் படுத்தார்கள் என்பதை யாரும் கேட்காமலே சொல்லும். சொல்லும்போதெல்லாம் படுத்தவரின் பதவி ஒரு படி உயர்ந்திருக்கும்.

இரண்டாவது கருங்காலி. மாலைக்கு மணி உருட்டியதுபோக மிஞ்சியது. தன் உடன்பிறப்புகள் எல்லாம் பெரிய மனிதர்களின் கழுத்தில் இருப்பதாகவும், தான் இருக்கும் இடத்தைக் கெட்டது எதுவும் அண்டாது என்றும் சொல்லிக்கொள்ளும். அப்படியானால் விறகுப் பெட்டிக்கு எப்படி வந்தது என்று கேட்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவது பலா. மிருதங்கம் செய்த இடத்தில் செதுக்கி எறிந்த துண்டு. யார் கடைசியாகப் பேசினாலும் அவர் பேச்சுக்குத் தாளம் போடும்.

நான்காவது ரப்பர். பால் வற்றியபின் தோட்டத்தில் வெட்டிய மரம். அதற்கு இருந்தது ஒரே பேச்சு: என்னை யார் மதிக்கிறார்கள்?

எஸ்தர் நான்கையும் மேஜையில் வைத்தார். "யாரு எங்க நிக்கணும்னு நீங்களே பேசிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்க உள்ளே போனார். மரத்தோடு பேசுகிறவர் என்று அந்தத் தெருவில் அவரைப் பற்றி ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு.

பேசிக்கொள்ளச் சொன்னால் மரங்களும் நம்மைப் போலத்தான். அவர் வாசல் தாண்டுமுன் ஈட்டி ஆரம்பித்துவிட்டது. நடு இடம் தனக்குத்தான் என்றது. நடுவில் இருப்பவரைச் சுற்றித்தான் மற்றவர்கள் நிற்க முடியும். சுற்றி நிற்க மற்றவர்கள் இருக்கும்போது தான் ஏன் ஓரத்தில் நிற்கவேண்டும் என்பது அதன் வாதம்.

கருங்காலிக்குச் சிரிப்பு வந்தது. "நடுவில போய் ஒளிஞ்சிக்கிட்டா உம்ம யாரு பாக்கப் போறா, அண்ணாச்சி? நான் வெளியதான் நிப்பேன். தொட்டாத்தானே பலன்."

பலா உடனே தாளத்தை மாற்றி, தானும் வெளிப்பக்கமே நிற்பதாகச் சொன்னது. ஆக மிஞ்சியது, ஈட்டிக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் இடைப்பட்ட அடுக்கு.

"எனக்கு உள்ளயும் இல்ல, வெளியயும் இல்ல" என்று ரப்பர் புலம்பியது. "முன்னால நிக்கவனுக்கு முதுகு தாங்கணும், பின்னால நிக்கவனுக்கு நெஞ்சு தாங்கணும். இதுக்கு அடுப்பே தேவலாம்."

"அதுவும் ஒரு சேவைதான், மக்கா" என்றது கருங்காலி.

சுவரில் தொங்கிக்கொண்டிருந்த உளிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ட்ரில்லிடம், இவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று மெதுவாகக் கேட்டது. ட்ரில் அனுபவசாலி. "கேட்டா சொல்லுவேன்" என்றது. "கேக்காதவங்களுக்குச் சொன்னா நம்மளத்தான் திட்டுவாங்க."

யாரும் கேட்கவில்லை.

காப்பி குடித்துவிட்டு வந்த எஸ்தர், அவை முடிவு செய்தபடியே அறுத்து ஒட்டினார். நடுத்தண்டு ஈட்டி. அதைச் சுற்றி நான்கு பக்கமும் ரப்பர். அதற்கும் வெளியே இரண்டு பக்கம் கருங்காலி, இரண்டு பக்கம் பலா. எல்லாவற்றையும் கிடுக்கியில் வைத்து இறுக்கினார். அன்று சாயங்காலம் ஜெபசிங் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை கொல்லைப்புறத்திலிருந்து புகையும், புளியில் கொதிக்கும் சாளை மீனின் வாசனையும் ஷெட்டுக்குள் வந்தன. கிடுக்கிக்குள் இருந்தவை மூச்சு விட்டன. தப்பித்தாயிற்று. இந்தச் சதுரக் கட்டைதான் நிரந்தரம் என்று நினைத்தன. ஈட்டி தன்னைச் சுற்றி நிற்பவர்களுக்கு நன்றி தெரிவித்து ஒரு சிறிய உரைகூட ஆற்றியது. பலா தாளம் போட்டது.

பசை காய்ந்ததும் எஸ்தர் ட்ரில்லைக் கையில் எடுத்தார்.

"மன்னிக்கணும், அண்ணாச்சி" என்றது ட்ரில். "பேனான்னா உள்ள ரீஃபில் போக ஒரு வழி வேணும்."

"தாராளமா போகட்டும்" என்றது ஈட்டி. "எந்த வழியா?"

"உங்க வழியாத்தான்."

ஈட்டி தூளாகித் தரையில் விழுந்தது. கட்டிலில் படுத்தவரைப் பற்றி அதற்குப் பிறகு தகவல் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு பித்தளைக் குழாய் வந்து உட்கார்ந்தது. குழாய் யாரிடமும் இடம் கேட்டிருக்கவில்லை.

அடுத்து கட்டையைக் கடைசல் இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டார். சதுரம் உருண்டையாக வேண்டும். உருண்டை, விரல்களுக்கு அடங்குகிற அளவுக்கு மெலிய வேண்டும். உளி வருவதைப் பார்த்த கருங்காலி, தன்னை வெட்ட வருகிறவருக்கு நல்லது நடக்காது என்று எச்சரித்தது. உளி வெட்டியது. உளிக்கு இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. கருங்காலி கறுப்புச் சுருள்களாக உதிர, பலாவும் பின்னாலேயே மஞ்சள் சுருள்களாக உதிர்ந்தது. கடைசிவரை தாளம் தப்பவில்லை என்று சொல்கிறார்கள்.

எஸ்தர் இயந்திரத்தை நிறுத்தியபோது குழாயைச் சுற்றி இருந்தது ரப்பர் மட்டும்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, மூடியும் முனையும் மாட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தார். வாங்க வருவதாகச் சொன்னவர் வரவில்லை. பேனா அங்கேயே இருந்தது.

ஒருநாள் கழித்து ரப்பர், ஏதோ தப்பித்தேன் என்றது. அதற்கடுத்த நாள், அந்த இடம் எனக்குக் கிடைத்தது என்றது. பிறகு, அந்த இடத்தை நான் கேட்டு வாங்கினேன் என்றது. வார முடிவில் அதனிடம் ஒரு தத்துவமே இருந்தது. உளி ட்ரில்லைப் பார்த்தது. ட்ரில் சுவரைப் பார்த்தது.

அடுத்த சனிக்கிழமை மேஜைக்கு வந்தவை மூன்று: ஒரு பழைய பெஞ்சின் தேக்கு, மீன்பிடி வள்ளம் கட்டிய இடத்து அயனி மரம், பிறகு கொஞ்சம் கோணலான முந்திரி மரத்துண்டு ஒன்று. அந்தப் பக்கத்தில் முந்திரியைக் கொல்லாமரம் என்பார்கள். எஸ்தர் வழக்கம்போல் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றும் ஜன்னலை அண்ணாந்து பார்த்து, அடுப்புக்குத் தப்ப எந்த இடம் நல்லது என்று கேட்டன.

ரப்பர் தொண்டையைச் செருமியது. நடுவில் நிற்பவனைத் துளை தேடி வரும். வெளியே நிற்பவனை உளி தேடி வரும். இரண்டுக்கும் இடையில் நிற்பவனே பிழைப்பான் என்று விளக்கியது. "நான் இதையெல்லாம் முன்னாலேயே யோசிச்சு வச்சிருந்தேன்" என்று சேர்த்துக்கொண்டது.

தேக்கும் அயனியும் ஒரே பாய்ச்சலில் இடை அடுக்குக்குப் போய் ஆளுக்கு இரண்டு பக்கம் பிடித்துக்கொண்டன. வெளியடுக்கில் நிற்க ஆளே இல்லை. வெளியே யாரும் இல்லாவிட்டால், இடையில் நிற்பவர்தான் வெளியே நிற்பவர். இந்தச் சின்னக் கணக்கு இரண்டுக்கும் தோன்றவில்லை. இடம் கிடைத்த சந்தோஷத்தில் இப்படி ஆகிவிடுவது உண்டு.

கொல்லாமரத்தைப் பிடித்து நடுவில் தள்ளினார்கள்.

"அய்யோ, எனக்கு நடு வேண்டாம்" என்று அது அழுதது.

"ஒருத்தர் விட்டுக்குடுத்தாத்தான் எல்லாருக்கும் நல்லது, பிள்ளே" என்று தேக்கு ஆறுதல் சொன்னது. "ஒன் பேரு நிக்கும்."

"பேரு நிக்கட்டும். நான் எங்க நிப்பேன்?"

அதற்குள் எஸ்தர் பசையோடு வந்துவிட்டார். மறுநாளும் கொல்லைப்புறத்தில் புகை வந்தது, வாசனை வந்தது. தேக்கும் அயனியும் நிம்மதியாக இருந்தன. கொல்லாமரம் மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

பசை காய்ந்தது. எஸ்தரின் கை சுவரை நோக்கிப் போனது. கொல்லாமரம் கண்ணை மூடிக்கொண்டது. கை ட்ரில்லைத் தாண்டிப் போய் உளியை எடுத்தது.

அந்த வாரம் பேனா கேட்டிருந்தவர் கல்யாணப் பத்திரிகைகளுக்கு அழகெழுத்து எழுதும் ஒரு பெண். அவருக்கு மையில் தொட்டுத் தொட்டு எழுதும் பழைய மாதிரிப் பேனா வேண்டும். முனையில் நிப்பு செருக ஒரு கீறல் போதும். ரீஃபில் இல்லை, குழாய் இல்லை, ஆகவே துளையும் இல்லை. ஆனால் கட்டை எலிவால் மாதிரி மெலிந்திருக்க வேண்டும்.

கட்டை சுழன்றது. மூலைகள் போயின. அது நியாயம்தான் என்றது தேக்கு. உளி நிற்கவில்லை. இனி நிறுத்திக்கொள்ளலாம் என்றது அயனி. உளி அப்போதும் நிற்கவில்லை.

"போதும்னு சொல்லுதோம்லா?" என்று தேக்கு கத்தியது.

"அவங்க போதும்னாத்தான் போதும்" என்றது உளி, வருத்தத்தோடு.

தேக்கும் அயனியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் குவிந்தன. இயந்திரம் நின்றபோது மிஞ்சியது, இழுத்துத் தள்ளி நடுவில் நிறுத்தப்பட்ட கொல்லாமரம், மெலிந்து, பளபளத்து, இன்னும் கண்ணை மூடியபடி. எஸ்தர் அதற்கும் பாலிஷ் ஏற்றி, ஜன்னல் விளிம்பில் ரப்பர் பேனாவுக்குப் பக்கத்தில் காயவைத்தார்.

கொல்லாமரத்துக்குத் தத்துவம் வர ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அடுத்த சனிக்கிழமை பெட்டி நிறைய புதுத் துண்டுகள். எல்லாம் ஜன்னலைப் பார்த்துக் கேட்டன. இடையில் நில்லுங்கள் என்றது ரப்பர். நடுவில் நில்லுங்கள் என்றது கொல்லாமரம். தான் முதலிலிருந்தே நடு இடத்தைத்தான் கேட்டதாகவும், மற்ற இரண்டும் பொறாமையில் தடுத்துப் பார்த்ததாகவும் சொன்னது. ரப்பர் அதைப் பொய் என்றது. கொல்லாமரம் ரப்பரைப் பால் வற்றியது என்றது. பெட்டி இரண்டாகப் பிரிந்தது. இடைக்கட்சி வலப்பக்கம் ஒதுங்கியது, நடுக்கட்சி இடப்பக்கம் ஒதுங்கியது. இரண்டு பக்கமும் ஆதாரம் இருந்தது. இரண்டு ஆதாரமும் ஜன்னலில் பளபளத்துக்கொண்டிருந்தன. சத்தத்தில், எஸ்தர் அன்று ஷெட்டுக்கு வரவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் ஜெபசிங் வாசலில் வந்து நின்றார். கையில் சாளை மீன் பை.

"எஸ்தரு, பெட்டிய எடுக்கட்டா?"

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பல்செட் வேல குவிஞ்சு கெடக்கு. இன்னைக்கு அந்தப் பக்கம் வரல. அப்படியே தூக்கிட்டுப் போங்க."

ஜெபசிங் குனிந்து பெட்டியைத் தூக்கினார். இரண்டு கட்சியும் இன்னும் பேசிக்கொண்டிருந்தன. எந்தக் கட்சியிலும் இடம் கிடைக்காத ஒரு சின்ன மாமரச் சில்லு மட்டும், பெட்டி வாசலைத் தாண்டுகிற நேரத்தில் விளிம்பு வழியாக எட்டிப் பார்த்தது. சுவரில் ட்ரில் தெரிந்தது.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டது. "இந்த வாரம் என்ன செய்யப் போறாங்க?"

பெட்டிக்குள்ளிருந்து ஒருவர் ட்ரில்லிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல்முறை. கேட்டால் சொல்வேன் என்று அது எப்போதோ சொல்லியிருந்தது; சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

"மீன்குழம்பு" என்றது.