பின்விளக்கு

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில் வசந்தாமணியின் ஒர்க்‌ஷாப் இருந்தது. மலையிலிருந்து இறங்கும் வண்டிகளுக்கு பிரேக் பார்ப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. நாச்சிமுத்து அவரிடம் தொழில் கற்க வந்து இரண்டு வருடமாகிறது. சிஷ்யர் குருவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். கேரட் லோடு மினி லாரியை அதே மலையில் காலமெல்லாம் ஏற்றி இறக்கியவர்.

குருவுக்கு வயது குறைவு என்பதில் அவருக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு. அவர் முடித்த வண்டியை வசந்தாமணி தானும் ஒரு தடவை மிதித்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். "கொஞ்சம் பின்னாடி போயி நில்லுங்ண்ணா" என்று அவரை வண்டிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, பிரேக்கை மிதித்து, "லைட்டு எப்படி எரிஞ்சுதுங்ண்ணா?" என்று வேறு கேட்பார்.

"நல்லா எரிஞ்சுதுங்க" என்பார் நாச்சிமுத்து. மலையோட்டிக்குப் பல்பு பார்க்கிற உத்தியோகம் என்று உள்ளுக்குள் எரிச்சலாக இருக்கும்.

அன்று காலையில் கேட்டேவிட்டார்.

"என்ற வேலையில என்ன கொறைங்க அம்மிணி? நான் பாத்த வண்டிய நீங்க எதுக்கு மறுபடியும் பாக்கோணும்?"

வசந்தாமணி பதில் சொல்வதற்குள் மலைமேல் குடியிருக்கும் வாடிக்கைக்காரர் ஆரோக்கியராஜின் கார் உள்ளே வந்தது. இடது ஹெட்லைட் நொறுங்கியிருந்தது.

நாச்சிமுத்துவின் பார்வை நேரே பின்சக்கரத்துக்குப் போனது. திங்கட்கிழமை அதைக் கழற்றி, ஆயில் கசியாமல் தடுக்கும் பிரேக் ரப்பரை மாற்றியது அவர்தான். வசந்தாமணி அன்று கோயமுத்தூர் போயிருந்ததால், ஓட்டிப் பார்த்து அனுப்பியதும் அவரேதான்.

"பிரேக்குல ஒண்ணும் இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார் ஆரோக்கியராஜ். "நான் தெனம் ஓட்டுறேன், கல்லு மாதிரி நிக்குது. நேத்து இவகிட்ட குடுத்தேன். வளைவுல பயந்துபோயி சுவத்துல உரசிட்டா."

பின்னால் அவர் மகள் ஸ்டெல்லா இறங்கினாள். லைசென்ஸ் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அடுத்த வாரம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அதன்பிறகு கொஞ்ச நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு மலையிறக்கிக் கூட்டிவர வேண்டியது அவள்தான்.

"நான் மிதிச்சேன்க்கா. நிக்கல" என்றாள்.

"பதட்டத்துல மிதிச்சிருக்க மாட்டே. இனிமே நீ சாவியத் தொடவேண்டாம். அம்மாவுக்கு வேற வழி பாத்துக்கலாம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தான் மிதித்தோமா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. அந்தப் பெண் பயந்துதான் போயிருக்க வேண்டும், அப்படியானால் தன் வேலையில் பழுதில்லை என்று நாச்சிமுத்துவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது அவருக்கே பிடிக்கவில்லை.

"மிதிச்சுப் பாருங்ண்ணா" என்றார் வசந்தாமணி.

நாச்சிமுத்து ஏறி உட்கார்ந்து மிதித்தார். "கல்லாட்டந்தான் இருக்குதுங்க."

"எத்தன வாட்டி மிதிச்சீங்க?"

"ஒரு வாட்டிதானுங்க."

வசந்தாமணி ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "வண்டிக்குப் பின்னாடி போயி நில்லு கண்ணு. லைட்டையே பாத்துட்டு இரு."

நாச்சிமுத்து மறுபடி மிதித்தார்.

"எப்படி எரிஞ்சுது?"

"மூணு தடவ எரிஞ்சுதுக்கா."

"வயரு எங்கயோ லூசா இருக்குமுங்க" என்றார் நாச்சிமுத்து.

"இருக்கலாமுங்ண்ணா. ஆரோக்கியராஜ், நீங்க உக்காருங்க."

ஆரோக்கியராஜ் மிதித்தார்.

"அப்பாவுக்கு ரெண்டு தடவ" என்றாள் ஸ்டெல்லா.

"இப்ப நீ உள்ள போ. அண்ணன் பின்னாடி நிக்கட்டும்."

நாச்சிமுத்து பின்னால் போய் நின்றார். விளக்கு ஒரு தடவை எரிந்தது. எரிந்தபடியே இருந்தது.

"பெடல் கிட்டத்தட்ட அடிவரைக்கும் போயிருச்சுக்கா" என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

"எடுக்காத. அப்படியே அமுத்திப் புடி. இன்னும் எறங்குதா?"

"இல்லக்கா. அங்கயே நிக்குது."

"எறங்கிட்டே போனா ஆயிலத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர் கெட்டிருக்கும். அது நல்லா இருக்குது" என்றார் வசந்தாமணி. "ஆயில் போற லைன்ல காத்து நிக்குது. ரப்பர் மாத்துறப்ப பூந்தது முழுசா வரலை."

நாச்சிமுத்து தன் வலதுகாலைப் பார்த்தார். மலையில் பிரேக் சூடேறி வழுக்கும்போதெல்லாம் இரண்டு குத்து குத்திவிட்டு மூன்றாவதில் பிடித்துப் பழகிய கால். குத்தக் குத்த எந்தத் தொளதொள பெடலும் இறுகிவிடும். திங்கட்கிழமையும் அவருக்கே தெரியாமல் அப்படித்தான் இறுகியிருக்கும். அவர்தான் மனநிறைவோடு சாவியைக் கொடுத்தனுப்பினார்.

நாச்சிமுத்துவே போய் ஜாக்கியை எடுத்துவந்தார். காரை ஜாக்கியில் ஏற்றினார். பெடலுக்கு ரொம்பத் தள்ளியிருக்கும் சக்கரத்திலிருந்து தொடங்கினார். காற்றை வெளியே விடும் திருகில் டியூபை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் விட்டார். பெடலை மிதிக்க ஆள் வேண்டும். ஆரோக்கியராஜ் முன்னால் வந்தார்.

"நீங்க இருங்க" என்றார் நாச்சிமுத்து. "பாப்பா உக்காரட்டும்."

கீழே படுத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"மிதி."

"மிதிச்சுட்டேன்."

"அப்படியே புடி. நான் சொல்றவரைக்கும் எடுக்காத." திருகைத் திறந்தார். பாட்டிலில் குமிழி குமிழியாக வந்தது. திருகை மூடினார். "இப்ப விடு."

குமிழி நிற்கும்வரை அதையே செய்தார்கள். ஆயில் குறையக் குறைய வசந்தாமணி மேலே ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு சக்கரமும் முடிந்து காரை இறக்கியதும் ஸ்டெல்லா மறுபடி மிதித்தாள். பெடல் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"நின்னுருச்சு" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆரோக்கியராஜ் சாவியை மகளின் கையில் வைத்துவிட்டு, சுற்றிப் போய் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

கார் வாசலைத் தாண்டி சாலையில் திரும்புமுன் நின்றது. சிவப்பு ஒரே தடவை எரிந்தது. பிறகு மலைப்பக்கம் திரும்பிப் போய்விட்டது.

நாச்சிமுத்து கைத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு வசந்தாமணியிடம் வந்தார்.

"அம்மிணி, நீங்களும் இந்த மலையில ஓட்டுனவங்கதான. உங்க காலு எத்தன வாட்டி மிதிக்குது?"

"நான் முன்னாடிதான உக்காந்திருக்கறேன், எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வசந்தாமணி. "ரெண்டு வருசமா உங்களப் பின்னாடி நிக்க வெச்சு அதத்தானுங்ண்ணா கேட்டுட்டு இருக்கறேன்."