ஈ கடித்தது என்று சொன்ன குதிரை

மொட்டைப்பாறைக் காட்டில் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. அதற்கு லாடம் அடிக்க ஒரு குரங்கும் இருந்தது. ஊர் எல்லையில் உள்ள லாடப் பட்டறைக்கு மேலே கிளையில் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்ட குரங்கு அது. வண்டிப் பாதையில் விழுந்து கிடக்கும் பழைய லாடங்களைப் பொறுக்கி வரும். கோணிப்பையில் சுத்தியல், குறடு, அரம் எல்லாம் வைத்திருக்கும்.

முன்பெல்லாம் குதிரை வெறுங்காலோடுதான் திரிந்தது. பாறையில் நடந்து நடந்து குளம்பு ஓரமெல்லாம் பிய்ந்துபோனது. கூட மேய்ந்த மான்கள்கூட அதை விட்டுவிட்டுப் போய்விட்டன. அப்போது யாரும் கூப்பிடாமலே வந்து, காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டது இந்தக் குரங்குதான். லாடம் ஏறியதும் குதிரை பாறைமேல் டக்டக்கென்று ஓடியது. அதிலிருந்து குரங்கைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குக் கண் கலங்கும்.

ஒரு நாள் தேய்ந்த லாடத்தைக் கழற்றிப் புதிது அடிக்கையில், முன்னங்காலில் ஓர் ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்து இறங்கிவிட்டது. குளம்பின் வெளி ஓடு நம் நகம் மாதிரி. அதில் ஆணி இறங்கினால் வலிக்காது. உள்ளே இருக்கும் சதையைத் தொட்டாலோ வலியில் உயிரே போய்விடும். குதிரை வெடுக்கென்று காலை இழுத்தது.

"என்ன தங்கச்சி, ஆணி குத்திடுச்சா?"

"இல்லண்ணே! ஈ கடிச்சுது!"

"நல்ல ஈ! வேலை நேரம் பார்த்து வருது!" என்று சிரித்தபடி குரங்கு ஆணி முனையை மடக்கி, அரத்தால் ராவிவிட்டது.

இவ்வளவு செய்கிற அண்ணனிடம் போய்க் குறை சொல்வதா? குதிரை வாயை மூடிக்கொண்டது. ஆனால் குளம்பு சும்மா இருக்கவில்லை. உள்ளுக்குள் சூடேறியது. குதிரை விந்தி விந்தி நடக்கத் தொடங்கியது.

அதே சமயம் கோடையும் முற்றியது. குளம் வற்றிச் சேறாகிவிட்டது. கணவாய்ப் பாறைகளைத் தாண்டினால் பெரிய ஏரி இருக்கிறது. காட்டு மிருகங்கள் எல்லாம் அங்கே கிளம்பின. வழியில் பின்தங்கும் மிருகம் நரிகளுக்கு இரை. இது எல்லாருக்கும் தெரியும்.

நரி குதிரையின் நடையைப் பார்த்தது. அருகே வந்து குழைந்தது.

"கால்ல என்ன மகராசி?"

"லாட ஆணி உறுத்துது. அண்ணன்கிட்ட சொல்லலாமான்னு பார்க்கிறேன்."

"ஐயையோ, சொல்லிடாதே! வேலைக்காரனுக்கு ரோஷம் ஜாஸ்தி. 'என் வேலையிலயா குத்தம் கண்டுபிடிக்கிறே'ன்னு பையைத் தூக்கிட்டுப் போயிடுவான். அப்புறம் உனக்கு யார் லாடம் அடிப்பா? நானா?"

குதிரைக்கு அது நியாயமாகப் பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது.

கணவாய் அடிவாரத்தில், முதல் பாறையிலேயே கால் ஊன்ற முடியவில்லை. மான்களும் பன்றிகளும் மேலே ஏறிப் போய்விட்டன. குதிரை ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆளைக் காணோமே என்று குரங்கு பாதியிலிருந்து திரும்பி ஓடிவந்தது.

"ஏன் தங்கச்சி நின்னுட்டே?"

நரி முந்திக்கொண்டது. "களைப்புதான், வேறென்ன! நீங்க முன்னாடி போங்க அண்ணாச்சி. நான் துணைக்கு இருக்கேன்!"

குதிரை நரியைப் பார்த்தது. நரியோ குதிரையின் முகத்தைப் பார்க்கவில்லை. தொடையையே பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் புதரில் இன்னும் நான்கைந்து வால்கள் அசைந்தன.

"அண்ணே!" என்றது குதிரை. "வலிக்குது. நீங்க அடிச்ச ஆணிதான். அன்னைக்குக் கடிச்சது ஈ இல்ல."

குரங்கின் முகம் சுருங்கிவிட்டது. பையை இழுத்துத் திறந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுமோ என்று குதிரை பயந்தது. ஆனால் குரங்கு எடுத்தது சுத்தியல். ஆணி ஆணியாக மெல்லத் தட்டிப் பார்த்தது. ஓர் ஆணியில் குதிரை துள்ளியது. குறடால் அதைப் பிடுங்கியதும் சீழ் வடிந்தது.

"அடிப் பாவி! அன்னைக்கே ஏன் சொல்லல?"

"உங்க மனசு நோகுமேன்னுதான்..."

"என் மனசு நொந்தா ராத்திரி தூங்கி எழுந்தா சரியாயிடும். இந்தக் கால் அழுகினா எதை வெச்சு நடப்பே? தப்பு என்னோடது தங்கச்சி. ஆனா அது எனக்குத் தெரியாமலே நீ சாகப் பார்த்தியே!"

அந்த லாடத்தைக் கழற்றி, வேப்பிலையைக் கசக்கிப் புண்ணில் வைத்து, கோணியைக் கிழித்துக் கட்டியது. பிறகு மற்ற மூன்று லாடங்களையும் கழற்றியது.

"எல்லாத்தையுமா?"

"பாறை வழி இனி உனக்கு ஆகாது. காய்ஞ்ச ஆத்து மணல் வழியா சுத்திப் போவோம். தூரம்தான். ஆனா மணலுக்கு வெறுங்கால் போதும். தண்ணிக்கு நான் ஊத்துத் தோண்டுறேன்."

"இப்பதான் கோபிச்சுக்கிட்டுப் போவான்னு நினைச்சேன்!" என்று நரி முனகியது.

"உன்மேல கோபம் நிறைய இருக்கு. கிட்ட வா, தர்றேன்!" என்று குரங்கு சுத்தியலை ஓங்கியது. குதிரையும் பின்னங்கால் ஒன்றை ஒரு வீசு வீசியது. புதரில் ஒரு வால்கூட மிச்சமில்லை.

மணலில் மெதுவாக, நின்று நின்று, இரண்டும் போயின. எல்லாருக்கும் கடைசியாகத்தான் ஏரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டன. குதிரை தண்ணீரில் வாய் வைக்கும் முன் குரங்கின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. "உங்களாலதான் அண்ணே." குரங்கு அதன் நெற்றியைத் தடவியது. "நீ சொன்னதாலதான் தங்கச்சி."

மழை வந்து, புதுக் குளம்பு வளர்ந்தபின், குரங்கு மறுபடி லாடம் அடிக்க உட்கார்ந்தது. ஒவ்வோர் ஆணிக்கும் நிறுத்தி, வலித்தால் மடங்கும் குதிரையின் காதுகளைப் பார்த்தது.

"இது கொஞ்சம் உறுத்துதுண்ணே."

"அப்படிச் சொல்லு!" என்று குரங்கு சந்தோஷமாக அந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டது.

நமக்கு நல்லது செய்கிறவரிடம் வலியை மறைப்பது நன்றி ஆகாது; எங்கே வலிக்கிறது என்று நம்பிச் சொல்வதே நன்றி.