இலையில் ஒன்றும் குறையக் கூடாது

முன்னொரு காலத்தில் ஒரு மகாராஜா இருந்தார். இருந்தார் என்றால் சும்மாவா? தின்றுகொண்டே இருந்தார். நெய்ச்சோறும் அதிரசமும் பால்கோவாவும் போகப் போக, காய்கறி என்பது மாட்டுக்குப் போடுகிற பண்டம் என்றே நினைத்துவிட்டார் மனிதர்.

ஆவணி மாத நகர்வலத்தில் பல்லக்கு சாய்ந்து மகாராஜா வீதியில் உருண்டார். முன்தண்டு பிடித்த சடையனைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவன் தோளில் தோலுரிந்து ரத்தம் கசிந்தது.

"சோம்பேறி, பிரபு! கசையடி கொடுத்தால் தோள் தானாக நிமிரும்" என்றார் பிரதானி சிற்றம்பலவர். வெற்றிலைப் பெட்டிக்கு மேல் கனமாக எதையும் தூக்கியறியாதவர் அவர்.

"சாமி, எங்களால முடியலீங்க" என்றான் சடையன்.

விகடகவி அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. தின்பது ஒருவர், அடி வாங்குவது இன்னொருவனா? இது என்ன அநியாயம்!

"மகாராஜா, குற்றம் இவன் தோளில் இல்லை. தங்கள் இலையில் இருக்கிறது" என்று சொல்லியே விட்டான்.

அங்கமுத்துவைக் கவிழ்க்கக் காத்திருந்த பிரதானிக்கு வாயெல்லாம் பல்.

"அப்படியானால் தைப்பூசத்துக்குள் இவனே தங்களை இளைக்க வைக்கட்டும், பிரபு. ஆனால் இலையில் ஒரு பண்டம்கூடக் குறையக் கூடாது. தவறினால் சடையனோடு இவனுக்கும் கசையடி!"

"அப்படியே ஆகட்டும்!" என்று உறுமினார் மகாராஜா.

"உத்தரவு. ஒன்றும் குறையாது. பரிமாறும் பொறுப்பு மட்டும் அடியேனுக்கு" என்றான் அங்கமுத்து.

மறுநாள் இலை போட்டார்கள். கீரை மசியல், அவரைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, வாழைத்தண்டு, சுரைக்காய் என்று இலை முழுக்கப் பச்சைப்பசேல். நெய்ச்சோறு அடுக்களை வாசலிலேயே நின்றது.

"எங்கேயடா அதிரசம்?"

"பின்னால் வருகிறது, பிரபு. இலையில் விழுந்ததை மிச்சம் வைத்து அடுத்ததைக் கேட்பது தங்கள் குலத்தில் வழக்கமில்லையே!"

குல வழக்கத்தை மீற முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே தின்றார். தாளித்த வாசனை மூக்கைத் துளைக்க, கூட்டை இன்னொரு தரம் கேட்டே வாங்கினார். நெய்ச்சோறு வந்தபோது இரண்டு கவளம்தான் இறங்கியது. அதிரசத்தைப் பார்த்ததும், "ஒரு விள்ளல் போடு, போதும்" என்று கையை மறித்தார். அன்றாடம் இதே கதைதான்.

தைப்பூசத்தன்று மகாராஜா யார் கையையும் பிடிக்காமல் பல்லக்கில் ஏறினார். பல்லக்கு ஆடாமல் எழுந்தது.

"மோசடி, பிரபு! தங்கள் இனிப்பைக் குறைத்துவிட்டான்!" என்று குதித்தார் பிரதானி.

"எல்லாப் பண்டமும் இலைக்கு வந்தது. 'போதும்' என்றது பிரபுவின் திருவாய்" என்றான் அங்கமுத்து.

மகாராஜா வாய்விட்டுச் சிரித்தார். "என்ன வேண்டும், கேள்!"

"சடையனுக்குக் கசையடி இல்லை என்று சபையறியச் சொல்லுங்கள். அப்புறம், அவன் தண்டைப் பிரதானியார் ஒரே ஒரு வீதி சுமக்கட்டும்."

பாதி வீதியிலேயே பிரதானிக்கு மூச்சு முட்டியது. "பிரபு, முடியவில்லை!" என்று அலறினார்.

"கசையடி கொடுத்தால் தோள் தானாக நிமிரும், ஐயா!" என்றான் அங்கமுத்து.

மகாராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீரே வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றி அங்கமுத்துவுக்குப் போட்டார். தம் பட்டுச் சால்வையைச் சடையனின் காய்த்த தோளில் போர்த்தினார்.

பிரதானியை மட்டும் யாரும் விடுவிக்கவில்லை. வீதி முடிய வேண்டாமா?